மூன்றாவது மாடியில் ஆபீஸ் இல்லை

செல்வத்துக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற அம்மா உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீயும் அப்பாவும் நாளைக்குப் போட்டுக்கொள்ளச் சட்டை எடுக்க மாட்டுங்காவுக்குப் போயிருக்கிறீர்கள். காலையில் தலை சீவிக்கொண்டே நீ கேட்டாய்: "ஏம்மா, எனக்கு நௌக்ரி கெடச்சதுல உனக்கு குஷியே இல்லியா?" நான் பாத்திரம் துலக்குகிற சத்தத்தைக் கூட்டினேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் அப்பா வருவார், பக்கத்து வீட்டுக்காரி வருவாள், நீ "பஸ் கரோ அம்மா", போதும் என்று எழுந்து போய்விடுவாய். அதனால் காகிதத்தை எடுத்துக்கொண்டேன். வாசித்து முடித்ததும் ஜமீலாவிடமும் கொடு. அந்த வருஷம் உங்களோடு படித்தவர்கள் யார் கேட்டாலும் கொடு. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

நாளை முதல் நீ பம்பாய் ஃபோர்ட்டில், கல்ஃப் நாடுகளுக்கு ஆள் எடுத்து அனுப்புகிற ஆபீசில் உட்காரப் போகிறாய். வெள்ளிக்கிழமை உனக்குத் தெரியாமல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கோபப்படாதே. வாசலில் போர்டு இருக்கிறது, லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், உள்ளே மேசைகளும் மேசைக்குப் பின்னால் மனிதர்களும் இருக்கிறார்கள். நிஜமான ஆபீஸ்தான். எனக்கு அவர்கள்மீது சந்தேகமில்லை, உன்மீதும் இல்லை. ஆனால் படியெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்த அவர்களைத் தாண்டி இறங்கும்போது ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால் வைத்தேன். உன் ஒன்பதாம் வகுப்பு எனக்கு ஞாபகம் வந்தது. அதைப் பற்றி நம் வீட்டில் யாரும் வாய் திறந்து பேசியதே இல்லை. நீ ஒரு தடவை ஆரம்பித்தாய், அப்பா ரேடியோவைப் போட்டுவிட்டார்.

சயானுக்கும் தாராவிக்கும் நடுவில் இருக்கிற நம் தமிழ்ப் பள்ளியில் நான் அப்போது டிராயிங் டீச்சர், நீ என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சு. கைத்தொழில் பீரியடையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். அதற்கு முந்தின வருஷங்களில் மெழுகுவத்தியும் காகிதப் பூவும் செய்து செய்து எனக்கே அலுத்துப்போயிருந்தது. தாராவியில் எத்தனை பட்டறை, எத்தனை கடை! சரக்கு வாங்க வந்தவர் "மறுபடி எங்கே வந்து பார்ப்பது?" என்று கேட்டால் சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் பின்னால் எழுதிக் கொடுப்பார்கள். அதனால் உங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியும் விசிட்டிங் கார்டு இல்லாத ஒரு தொழில்காரரைப் பிடிக்க வேண்டும், அவருடைய தொழிலைத் தெரிந்துகொள்ள வேண்டும், பிறகு அவருக்கு ஒரு கார்டு வரைய வேண்டும் என்றேன். வரைந்ததையெல்லாம் பள்ளி மண்டபத்தில் கண்காட்சியாக வைப்பது, நன்றாக வந்ததை பிரஸ் வைத்திருந்த சாவந்திடம் கொடுத்து அச்சடிப்பது என்று ஏற்பாடு. மராத்திக்காரரான அவரை நீங்கள் சித்தப்பா முறை வைத்து "காகா" என்று கூப்பிடுவீர்கள். ஜமீலா தன் ஊர் வழக்கப்படி சொந்த அண்ணனைக் "காக்கா" என்பாள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டால் வகுப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆகும்.

உடனே பென்சிலை எடுக்க நான் விடவில்லை, ஞாபகம் இருக்கிறதா? அவரவர் வீட்டில் கிடந்த பழைய கார்டுகளைக் கொண்டுவரச் சொல்லித் தரையில் பரப்பினோம். எதைப் பையில் வைத்துக்கொள்வாய், எதைப் போடுவாய், ஏன் என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒரு கார்டைக் கையில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். கட்டைவிரல் எந்த எழுத்தை மறைக்கிறதோ அங்கே பெயரைப் போடாதே என்றேன். கடைக்காரரிடம் "கார்டில் என்ன வேண்டும்?" என்று முதலில் கேட்காதே, கடை ஓரமாக நின்று வாடிக்கைக்காரர் முதலில் எதைக் கேட்கிறார் என்று கவனி என்றேன். சைக்கிளில் இட்லி விற்பவருக்கு வரைந்த பெண்கள் ஆவி பறக்கிற இட்லி ஒன்றை அட்டை முழுக்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். போய் நின்று பார்த்த பிறகுதான், எல்லாரும் அவரிடம் கேட்பது "எங்க பில்டிங்குக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்பது தெரிந்தது. இட்லி சின்னதாகி ஓரத்துக்குப் போனது, நேரம் நடுவில் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னேன்: பார்க்காததை எழுதாதே. பெயரை இரண்டு தடவை கேள், போன் நம்பரைச் சுழற்றிப் பார், விலாசத்துக்கு நடந்து போய்ப் பார்.

நீயும் ஜமீலாவும் பிடித்தது ஏஜெண்ட் அண்ணாச்சியை. அப்போது ஊரே கல்ஃப் பைத்தியம் பிடித்து அலைந்தது. தாராவி லேபர் கேம்ப் டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் கறுப்பு ரெக்சின் பை. தென்மாவட்டத்து ஊர்களிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து தாராவியில் ஓர் அறையில் தங்கவைத்து, துபாய்க்கும் சவுதிக்கும் அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜமீலாவின் அண்ணன் காஜா அந்த மாசம் போகிறவர்களில் ஒருவன். காஜா தன் வாப்பாவின் தோல்பைப் பட்டறையில் தையல் போட்டுக்கொண்டிருந்தவன், பயணச் செலவுக்காக உம்மா தன் வளையலைக் கழற்றியிருந்தாள். அவனுடைய பாஸ்போர்ட்டும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் அந்த ரெக்சின் பைக்குள். கார்டு வரைந்து தருகிறோம் என்று நீங்கள் போய்க் கேட்டதும் அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். "வரைங்கடே! ஒரு ஏரோப்பிளேன் போடணும், ஒரு பேரீச்ச மரம் போடணும். கம்பெனி பேரு பெருசா இருக்கணும். கீழ 'அரசு அங்கீகாரம் பெற்றது'ன்னு வரணும், என்னா?" ஃபோர்ட் விலாசம், மூன்றாவது மாடி. போன் நம்பர். எல்லாவற்றையும் அவரே சொல்ல, நீ எழுதிக்கொண்டு வந்தாய்.

ஒரு சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் சயானில் ரயிலேறி வி.டி. ஸ்டேஷனில் இறங்கி அந்த விலாசத்துக்குப் போனீர்கள். காஜாவும் துணைக்கு வருவதாக ஜமீலா வீட்டில் பொய் சொல்லியிருந்தாள். சாயங்காலம் செம்பூரில் நம் வீட்டு அடுக்களை வாசலில் நீ வந்து நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ம்மா, அங்க ஆபீஸே இல்லம்மா."

"என்னடா சொல்ற? பில்டிங்க மாத்திப் போயிருப்ப."

"பில்டிங் அதேதான். மூணாவது மாடில ஒரு வக்கீல் இருக்காரு, ஒரு கோடவுன் இருக்கு. மாடிப்படி திரும்பற எடத்துல ஒரு பெரியவர் டைப்ரைட்டர் வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவர்ட்ட கேட்டோம். 'சிட்டி ஆதி ஹை, ஆத்மி கபி நஹி ஆயா'ங்கறாரு. லெட்டர் மட்டும் வருமாம், ஆளு வந்ததே இல்லியாம். அண்ணாச்சி அவருக்கு மாசாமாசம் ஏதோ குடுக்கறாராம், லெட்டர் வாங்கி வைக்க."

"போன்?"

"வி.டி.லேருந்து போட்டோம். யாரோ குஜராத்தில திட்டிட்டு வச்சிட்டாங்க."

லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்த புதிது அது. அண்ணாச்சி சொல்லி நீ எழுதி வந்த காகிதத்தில் லைசென்ஸ் நம்பர் என்று எதுவுமே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஆனாலும் முதலில் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "லெட்டர் வாங்கறதுக்கு மட்டும் அங்க விலாசம் வச்சிருப்பாரோ என்னவோ" என்பதுதான். பயப்படுகிறவளுக்கு எப்போதும் ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது. நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். "அப்ப ஜமீலா ஏம்மா வழியெல்லாம் அழுதா?" என்றாய்.

அப்பா டிராம்பே ஆலையில் பகல் ஷிப்ட் முடித்து வந்ததும் சொன்னோம். "நமக்கெதுக்கு இந்த வம்பு" என்பார் என்று நினைத்தேன், முதலில் அதையேதான் சொன்னார். பிறகு முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டே நின்று யோசித்தார். "இப்ப போய்க் கத்துனா அவன் அந்தப் பையோட ஓடிருவான். அவன் போனா போறான். பாஸ்போர்ட்டு எல்லாம் பையிலல்லா இருக்கு" என்றார். அந்த ஒரு பேச்சில்தான் விஷயத்தின் கனம் எனக்கு உறைத்தது. அண்ணாச்சிக்கு நாம் சந்தேகப்படுவது தெரியவே கூடாது. தெரிந்த அன்றைக்கே அந்தப் பை பம்பாயில் இருக்காது.

திங்கட்கிழமை ஜமீலா அண்ணனிடம் சொல்லிவிட்டாள். காஜா பட்டறையிலிருந்து தோல் வெட்டுகிற கத்தியோடு கிளம்பிவிட்டான். அவனை நிறுத்தியது ஜமீலாதான். பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில், என் கண்முன்னால், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "காக்கா, நீ அடிச்சா அவன் விழுவான். பை எங்க விழும்? அதச் சொல்லிட்டுப் போ." அவன் கத்தியை இறக்கினான். போலீசுக்குப் போகலாமே என்றேன் நான். "போலீஸ் வந்தா பையையும் சேத்துல்லா தூக்கிட்டுப் போவாவ. கேஸு முடியற வரைக்கும் ஒரு பாஸ்போர்ட்டும் வெளிய வராது டீச்சர்" என்றான். அது உண்மையோ பொய்யோ, எங்கள் யாருக்கும் மறுத்துப் பேசத் தைரியமில்லை.

பையை அவர் கீழே வைப்பதே கிடையாது. டீக்கடையில் கை கழுவப் போனாலும் கக்கத்தில் இருக்கும். அதை அவரே திறக்க வேண்டும், பாஸ்போர்ட்டுகளை அவரே வெளியே எடுக்க வேண்டும், அதுவும் நாலு பேர் முன்னால். கண்காட்சிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. யோசனை உன்னுடையதா ஜமீலாவுடையதா என்று இன்றைக்கும் நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவீர்கள். எனக்குத் தெரிந்து அது இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசியதில் வந்தது.

வரைந்த மாதிரியைப் பார்க்க அண்ணாச்சியை வகுப்புக்கு வரச் சொன்னேன். அவர் உன் பெஞ்சிலேயே உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். விமானம் ஜமீலா போட்டது, எழுத்து நீ எழுதியது. "அடேயப்பா, என்ன அழகு! டீச்சரம்மா, பிள்ளையளுக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கிய" என்றார். ஜமீலா சாதாரணமாகக் கேட்பதுபோல ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, கண்காட்சில எல்லாரும் கார்டுக்குப் பக்கத்துல அவங்க சரக்க வைக்காங்க. குயவரு பானை வைக்காரு. எங்க வாப்பா பை வைக்காங்க. நீங்க என்ன வைப்பிய?"

"நான் என்னத்த வைக்க? ஏரோப்பிளேனையா தூக்கிட்டு வர முடியும்?"

அப்போது நீ சொன்னாய்: "பாஸ்போர்ட்டு வைங்க அண்ணாச்சி. வரிசையா அடுக்கி வச்சா, இம்புட்டுப் பேரு போறாவளான்னு சனம் நம்பும்."

அவர் சிரிப்பு நின்றது. உன்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையில் ஏற்கெனவே அழித்த இடத்தை மறுபடி அழித்துக்கொண்டிருந்தேன். முதுகில் அந்தப் பார்வை ஊர்வது தெரிந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை இருமினால் போதும், காரியம் கெட்டுவிடும் போலிருந்தது. "கண்காட்சிக்கு எம்புட்டுப் பேரு வருவாவ டீச்சரம்மா?" என்று கேட்டார். "பெத்தவங்க எல்லாரும் வருவாங்க. தாராவி, மாஹிம், செம்பூர், எல்லா இடத்துலேருந்தும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பையைத் தட்டிக்கொண்டிருந்தார். "டீச்சர் மவன் பொழைச்சுக்கிடுவான்" என்று சொல்லி எழுந்தார்.

அந்த ஒரு வாரம் நீயும் ஜமீலாவும் தினமும் உட்கார்ந்து அந்தக் கார்டைச் செதுக்கினீர்கள். பொய் என்று தெரிந்த பிறகும் பேரீச்ச மரத்துக்கு நிழல் போட்டீர்கள், விலாசத்தை அழித்து அழித்து எழுதினீர்கள். நானும் சும்மா இருக்கவில்லை. 'மூன்றாவது மாடி' என்ற வரி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று ஸ்கேலை வைத்து நேராக்கிக் கொடுத்தது நான்தான். அவருக்குச் சந்தேகம் வரக் கூடாது, அதனால் நன்றாக வர வேண்டும் என்று நினைத்தேன். அது முழு உண்மை இல்லை. நல்ல வேலை கைக்கு வரும்போது அது எதற்காக என்பதை மறந்துவிடுகிற சுகம் ஒன்று உண்டு. எனக்கு அந்தச் சுகம் இருந்தது.

கண்காட்சியன்று மண்டபம் நிறைந்துவிட்டது. பானைகள், பைகள், முறுக்கு, பித்தளைப் பூட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உங்கள் கார்டுகள். அண்ணாச்சி கடைசி மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பையைத் திறந்து, பாஸ்போர்ட்டுகளை விசிறிபோல அடுக்கினார். அடுக்க அடுக்க நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்தாய், சின்னப் பிள்ளையில் பிடிப்பதுபோல. கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. புதிதாகப் போக ஆசைப்பட்டவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள், அவரும் உற்சாகமாகப் பதில் சொன்னார். காஜாவும் அறையில் தங்கியிருந்த மற்றவர்களும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்கள். கைகலப்பு ஆகிவிடக் கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தோம்.

முதலில் போனது ஜமீலாவின் உம்மா. வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "எம்புள்ள போட்டோ எப்படி விழுந்திருக்குன்னு ஒருக்கா பாக்கட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவர் பெருமையாக எடுத்து விரித்துக் காட்டிக் கொடுத்தார். உம்மா போட்டோவைப் பார்த்தாள். மூடினாள். துப்பட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது வீட்ல இருக்கட்டும்."

"என்னம்மா இது, ஸ்டாம்பு அடிக்கணும்லா? எங்கிட்ட இருக்கணும்."

"அடிக்கிற அன்னைக்கு நானே கொண்டாரேன். மூணாவது மாடிதான?"

அவள் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்ன விதம் இருக்கிறதே, செல்வம், அதில் கோபமே இல்லை. ஆனால் அண்ணாச்சியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன். அவர் கை மேசைக்கு வருமுன் அந்தப் பக்கத்திலிருந்து காஜாவின் கூட்டாளி ஒருவன் குனிந்து தன்னுடையதை எடுத்தான். அடுத்தவன் எடுத்தான். "என் போட்டோவையும் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி." "எங்கய்யா பாக்கணும்னாவ." ஒருவரும் சத்தம் போடவில்லை. சுற்றி நின்ற பெற்றோர்களுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது, அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியும் சிரித்துக்கொண்டேதான் நின்றார். அத்தனை பேர் முன்னால் கௌரவமான மனிதர் வேறென்ன செய்ய முடியும்? துணி காலியானது. ஆனால் இரண்டு பேர் தங்களுடையதைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு நின்றார்கள். அவை அந்தப் பையில் இல்லவே இல்லை. அதற்கு முன்பே எங்கேயோ விலைக்குப் போயிருந்தன போலும். யாரும் கொடுத்த பணமும் திரும்பவில்லை, உம்மாவின் வளையலும்தான்.

பையை மூடிக்கொண்டு அவர் நம்மிடம் வந்தார். உன் தோளில் கையை வைத்தார். நான்கு விரலும் பதிந்த இடம் மறுநாள் கன்றிப்போயிருந்தது. என்னிடம் குனிந்து, "டீச்சரம்மா, உங்க வீட்டுக்காரவ டிராம்பே பஸ்ஸுலதான போறாவ? கூட்டமான பஸ்ஸு. பாத்துப் போவச் சொல்லுங்க" என்றார். பிறகு மேசைக்குத் திரும்பிப் போய், பலகையில் குத்தியிருந்த உங்கள் கார்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார். காஜா பின்னாலேயே ஓடினான். நல்லவேளை, அதற்குள் அவர் ஏறிய டாக்சி கிளம்பிவிட்டது. கார்டு போனதை அன்றைக்கு யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. எங்களுக்கு அப்பாவைப் பற்றித்தான் பயம். அவர் ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், நீ கீழே போய் ஸ்டாப்பிலேயே நிற்பாய். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காது என்று நம்புவதற்குள் நம் மூன்று பேருக்கும் உடம்பு இளைத்துப்போயிற்று.

பள்ளி திறந்து மழை பிடித்த பிறகு மாடசாமி வந்தார். கோவில்பட்டிப் பக்கத்து ஊர், நாற்பதை ஒட்டிய வயது, தலையில் தகரப் பெட்டி, தொப்பலாக நனைந்த வேட்டி. ஃபோர்ட்டில் மூன்றாவது மாடி வரைக்கும் ஏறிப் போயிருக்கிறார். அந்த டைப்ரைட்டர் பெரியவருக்கு உங்கள் இரண்டு பேரையும் ஞாபகம் இருந்திருக்கிறது. சயான் பக்கம் ஏதோ தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து இதையே கேட்டார்கள், அங்கே போய்ப் பார் என்று அனுப்பியிருக்கிறார். வராந்தாவில் நின்று, மடியிலிருந்து பிளாஸ்டிக் தாளைப் பிரித்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். பளபளவென்று அச்சடித்த கார்டு. ஜமீலாவின் விமானம். உன் எழுத்து. நான் நேராக்கிய வரி. அண்ணாச்சி எங்கேயோ கொடுத்து நூற்றுக்கணக்கில் அச்சடித்து, வேறு ஊர்களில் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். இவருடைய பாஸ்போர்ட்டும் அவரிடம்தான்.

நீ வகுப்பிலிருந்து வெளியே வந்தாய். கார்டைப் பார்த்தாய். என்னைப் பேசவே விடவில்லை. "இத நாந்தான் எழுதுனேன்" என்றாய்.

மாடசாமிக்குப் புரியவில்லை. உன் அரைக்கால் சட்டையைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். "நீயா எழுதுன தம்பி? எழுத்து எம்புட்டு லெச்சணமா இருக்கு! இதப் பாத்துத்தாம்யா நம்புனேன்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாய். நீ மழையில் இறங்கிப் போய் மைதானத்து நடுவில் நின்றாய். நான் கூப்பிட்டும் வரவில்லை. ஜமீலா போய்த்தான் கூட்டிவந்தாள்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததை யாரும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மாடசாமியைக் கூட்டிக்கொண்டு அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார், எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நீயும் ஜமீலாவும் ஒரு நோட்டீஸ் எழுதினீர்கள். இந்தப் பெயரில், இந்த விலாசத்தில், மூன்றாவது மாடியில் ஆபீஸ் இல்லை, பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். சாவந்த் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தார். தாதரில் மெட்ராஸ் ரயில் வந்து நிற்கும்போது கொடுக்கலாம் என்றான் காஜா. முதல் நாள் போய்ப் பார்த்தால் ஒருவரும் வாங்கவில்லை. "தலையில பெட்டி, கையில பை. எந்தக் கையால வாங்குவாவ?" என்று கேட்டாள் ஜமீலா. அப்போது உனக்குத் தோன்றியது, ரயிலை விட்டு இறங்கியதும் எல்லாரும் சாமானைக் கீழே வைத்துவிட்டுக் குனிகிற இடம் பிளாட்பாரத்துத் தண்ணீர்க் குழாய் என்று. குழாய்க்கு மேலே, குனிந்து நிமிர்கிற கண்ணுக்கு நேராக ஒட்டினீர்கள். ரயில்வே ஆட்கள் கிழித்தார்கள், மறுபடி ஒட்டினீர்கள். மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் வேலை. எத்தனை பேர் படித்தார்கள், யார் திரும்பிப் போனார்கள் என்று நமக்குத் தெரியாது. தீபாவளிக்குப் பிறகு நீ ஃபோர்ட்டுக்குப் போய்க் கேட்டபோது, இப்போது யாரும் தேடி வருவதில்லை என்று அந்தப் பெரியவர் சொன்னாராம். அண்ணாச்சியை அதன் பிறகு பம்பாயில் பார்த்தவர்கள் இல்லை. காஜா வேறு ஆபீஸ் மூலம் முறைப்படி ஷார்ஜா போய், இரண்டு தடவை லீவில் வந்துவிட்டும் போய்விட்டான். ஜமீலா சாவந்தின் பிரசில் எழுத்து வேலை பார்க்கிறாள். ஊருக்குத் திரும்ப முகமில்லாமல் நின்ற மாடசாமியை அவள் வாப்பா பட்டறையில் சேர்த்துக்கொண்டார். இன்றைக்கும் அங்கேதான் பைக்குக் காது தைத்துக்கொண்டிருக்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் அவர் என்னைப் பார்க்கப் பள்ளிக்கு வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டேதான் பேசினார்.

"டீச்சர், தம்பி ஃபோர்ட்டு ஆபீஸ்ல உக்காரப் போறாராமே. வாப்பா சொன்னாவ. எனக்குப் போன மாசம்தான் புதுப் பாஸ்போர்ட்டு வந்துச்சு. பொண்ணு பெரியவளாயிட்டா. ஒரு தடவ கேட்டுப் பாத்தா என்ன? தம்பி இருக்க எடம்னா நம்பிப் போலாம்லா?"

வெள்ளிக்கிழமை உன் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த தாளை நான் படித்தேன். நாற்பது வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்று போட்டிருக்கிறது, மாடசாமிக்கு நாற்பது தாண்டி வருஷங்களாகிவிட்டன. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் கேட்டது உன்னை.

நாளைக்கே வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். விடிந்ததும் கிளம்பிப் படியில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார், எனக்குத் தெரியும். அவரைக் காக்கவைக்காதே. "பாக்கலாம்ணே" என்று சொல்லாதே. "அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லாதே. அவர் எவ்வளவு நீட்டினாலும் அந்தப் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்காதே. எழுந்து நின்று, முகத்தைப் பார்த்து, முடியாது என்று சொல். அவர் முகம் வாடும். அப்போது மேசைமேல் காகிதத்தைத் தேடாமல் அவரையே பார்த்துக்கொண்டு நில். பிறகு கூடவே கீழே இறங்கிப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு, மேலே வந்து அடுத்தவரைக் கூப்பிடு.

அம்மா